லொகின் செஷனும் குக்கியும்: வன்னியில் இணையச் செயலி செய்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் சின்னச் சின்ன இணையச் செயலிகள் செய்து கொடுக்கிற இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். கமக்கார அமைப்புக்கு உறுப்பினர் பதிவு, ரியூசன் சென்ரருக்கு வரவுப் பதிவு, கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடன் கணக்கு என்று யாராவது கேட்கிறார்கள். அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் தம்பி, தங்கச்சிமார் செய்து கொடுக்கிறார்கள். லொகின் பக்கம் எழுதுவது ஒரு மாலை நேர வேலை. லொகின் செய்த ஆளைக் கடைசி வரை சரியாக வைத்திருப்பதும், போனபின் சரியாக வெளியேற்றுவதும்தான் நாள் கணக்கில் இழுக்கும்.

ஒரு கமக்கார அமைப்புக்கு உறுப்பினர், காணி, போகப் பதிவுச் செயலி செய்தபோது நான் அதிகம் அல்லாடியது இதில்தான். கிடைக்கிற பாடங்கள் எல்லாம் ஆளுக்கொரு கணினி, நிற்காத மின்சாரம், அறாத இணைப்பு என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. இங்கே ஒரு கணினியில் நாலு பேர் வேலை செய்வார்கள். வீட்டில் ஒரு போனை அம்மாவும் பிள்ளைகளும் பாவிப்பார்கள். இடையில் கரண்ட் போகும். அதை எல்லாம் கணக்கில் எடுத்துத்தான் கீழே உள்ள படிகளை எழுதுகிறேன். குறைந்த செலவு ஹொஸ்டிங்கில் அதிகம் கிடைப்பது பிஎச்பி என்ற நிரல்மொழி என்பதால் உதாரணங்களை அதிலிருந்து எடுக்கிறேன். லாராவெல், ஜாங்கோ, நோட் போன்ற மற்றச் செயலிச் சூழல்களைப் பாவிக்கிறவர்களுக்கும் தேவையான இடத்தில் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் உங்கள் கையில் ஒரு இலக்கத் துண்டு தருவார்கள். உங்கள் விபரம் எழுதிய கோவை உள்ளே இருக்கும். கையில் இருக்கும் துண்டு குக்கி, உள்ளே இருக்கும் கோவை செஷன். உலாவி ஒவ்வொரு கோரிக்கையோடும் துண்டைக் காட்டும், சேர்வர் அந்த இலக்கத்துக்குரிய கோவையை எடுத்துப் பார்க்கும். இவ்வளவு விளங்கினால் போதும், மிச்சம் தன்னால் வரும்.

1. கோட் எழுத முன் ஒரு தாளில் எழுதுங்கள்

கணினியைத் திறக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. செயலி யாருக்கோ அவர்களோடு இருந்து கேட்டு எழுதுங்கள். யார் யார் லொகின் செய்வார்கள்? எந்தக் கருவியில்? அந்தக் கருவியை வேறு யார் தொடுவார்கள்? ஒரு போம் நிரப்ப எவ்வளவு நேரம் எடுக்கும்? இடையில் எழுந்து போவார்களா?

எங்கள் தாளில் வந்தது இப்படி. செயலாளரும் தரவு பதிகிற பிள்ளையும் அலுவலகத்தில் ஒரே கணினியைப் பாவிக்கிறார்கள். உறுப்பினர்களில் சிலர் சொந்தப் போனில் பார்க்கிறார்கள், பலர் மகனின் போனில் அல்லது சந்தியில் உள்ள கொமினிகேஷனில் (கணினி, அச்சு வேலை செய்து கொடுக்கும் கடை). காணி விபரப் போமை நிரப்ப, காகிதத்தைப் புரட்டிப் புரட்டி, சில வேளை அரை மணித்தியாலத்துக்கு மேல் போகும்.

இந்தக் கடைசி வரி முக்கியம். 6ஆம் படியில் அதற்குத் திரும்பி வருவோம்.

ஒரே யூசர்நேமை அலுவலகம் முழுக்கப் பாவிக்கலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆளுக்கொரு கணக்கு இருந்தால்தான் யார் எதை மாற்றினார் என்று பிறகு பார்க்கலாம், விலகிப் போன ஒருவரின் கணக்கை மட்டும் மூடலாம்.

2. ஹொஸ்டிங், டொமைன், எச்டிடிபிஎஸ்: காசு கட்ட முன் கேட்க வேண்டியவை

எச்டிடிபிஎஸ் (உலாவிக்கும் சேர்வருக்கும் இடையில் போவதை மற்றவர் வாசிக்க முடியாமல் மறைக்கும் முறை) இல்லாமல் லொகின் வைக்காதீர்கள். பொது வைஃபையில் இருக்கும் இன்னொருவர் குக்கியை அப்படியே எடுத்துவிடலாம். கடவுச்சொல் தெரியாமலே உள்ளே வருவார். இதற்கான சான்றிதழுக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. அது 90 நாள் செல்லும், தானாகப் புதுப்பிக்கிற ஒழுங்கு ஹொஸ்டிங்கில் இருக்க வேண்டும். சான்றிதழ் காலாவதியானால் உலாவி சிவப்பு எச்சரிக்கை காட்டும், சனம் பயந்து திரும்பிவிடும்.

காசு கட்ட முன் ஹொஸ்டிங்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பிஎச்பி எந்தப் பதிப்பு (7.3க்குக் கீழே என்றால் வேண்டாம், 4ஆம் படியில் வரும் சேம்சைட் அமைப்பை நேராகப் போட முடியாது), செஷன் கோப்புகளின் இடத்தை மாற்ற விடுவார்களா, கிரொன் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) வைக்கலாமா, இலவசச் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுமா. விலையில் முதல் வருடத் தொகையையும் புதுப்பிக்கும் தொகையையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் வருடம் மலிவாகக் காட்டி இரண்டாம் வருடம் கூட்டுவது வழக்கம். டொலரில் கட்டுவதென்றால் யாருடைய கார்ட்டில் கட்டுவது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.

டொமைனை உங்கள் பெயரில் எடுக்காமல் அமைப்பின் பெயரில் எடுங்கள். அமைப்பின் பதிவுச் சான்றிதழ்ப் பிரதி, தலைவர் அல்லது செயலாளர் ஒப்பமிட்ட கடிதம், அமைப்புக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி ஆகிய மூன்றையும் ஒரு கோவையில் வைத்தால் பிறகு அலைய வேண்டியதில்லை.

இரண்டு பொறிகள். ஒன்று, டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்த முகவரியும் சேர்க்காத முகவரியும் குக்கிக்கு இரண்டு வேறு இடங்கள். ஒன்றில் லொகின் செய்தவர் மற்றதில் வந்தால் வெளியே நிற்பார். ஒன்றைத் தெரிந்து, மற்றதை அதற்குத் திருப்பிவிடுங்கள். இரண்டு, .இலங்கை என்று முடியும் தமிழ் டொமைன் எடுத்திருந்தால் குக்கியின் டொமைன் பகுதியில் தமிழ் எழுத்தை எழுதாதீர்கள். அந்தப் பகுதியை வெறுமையாக விடுங்கள். அப்போது குக்கியைத் தந்த முகவரிக்கு மட்டும் அது திரும்பிப் போகும். எந்த டொமைனாக இருந்தாலும் அதுதான் பாதுகாப்பும்.

3. குக்கியில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது

குக்கியில் இருக்க வேண்டியது ஒரே ஒரு நீளமான, ஊகிக்க முடியாத இலக்கம். அதை பிஎச்பியே தரும். பெயர், பதவி, அடையாள அட்டை இலக்கம் எதையும் அதில் வைக்காதீர்கள்.

ஏன் என்று ஒரு முறை கண்ணால் பாருங்கள். குரோமில் உங்கள் தளத்தைத் திறந்து எஃப்12 அமத்துங்கள். அப்ளிகேஷன் என்ற பகுதியில் குக்கீஸ் என்று இருக்கும் (ஃபயர்பொக்ஸில் ஸ்டோரேஜ் என்று இருக்கும்). பதவி என்ற குக்கியில் ‘உறுப்பினர்’ என்று இருந்தால், அதை இரண்டு முறை கிளிக் செய்து ‘நிர்வாகி’ என்று மாற்றிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். உங்கள் கோட் குக்கியை நம்பி எழுதப்பட்டிருந்தால் நிர்வாகப் பக்கம் திறந்துவிடும். கணினி பழகிய ஒரு ஓஎல் பிள்ளைக்கு இது ஒரு நிமிட வேலை. பதவி செஷனுக்குள் அல்லது தரவுத்தளத்தில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் அங்கிருந்து பார்க்க வேண்டும்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றி இன்னும் கவனம் தேவை. அந்த இலக்கத்தைப் பார்த்தே ஒருவர் பிறந்த ஆண்டு, நாள், ஆணா பெண்ணா என்பது தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டமும் நாட்டில் நிறைவேறியிருக்கிறது. ஒரு சின்ன அமைப்பின் செயலி என்றாலும் என்ன தகவல் எடுக்கிறோம், ஏன் எடுக்கிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, லொகின் பக்கத்தின் கீழே தமிழில் போடுங்கள். எங்கள் சனம் காணி விபரம் கொடுக்கப் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பயத்தை மதித்து நடப்பது செய்கிறவரின் கடமை.

4. குக்கிக்குக் கட்டாயம் போட வேண்டிய மூன்று அமைப்புகள்

எச்டிடிபி ஒன்லி: பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் குக்கியை வாசிக்க முடியாது. யாராவது கருத்துப் பெட்டியில் கெட்ட கோட் போட்டாலும் இலக்கத்தைக் களவெடுக்க முடியாது. பிஎச்பியில் இது தானாக இயங்காது, நீங்கள்தான் இயக்க வேண்டும்.

செக்யூர்: எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் குக்கி போகும்.

சேம்சைட்: வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கைகளோடு குக்கியை அனுப்புவதா என்று தீர்மானிப்பது. லாக்ஸ், ஸ்ட்ரிக்ட், நன் என்று மூன்று நிலை. பெரும்பாலானவர்களுக்கு லாக்ஸ் போதும். ஸ்ட்ரிக்ட் போட்டால், உலாவியில் மின்னஞ்சல் பார்க்கும்போது அதிலுள்ள உங்கள் இணைப்பை அமத்தி வருகிறவருக்கு குக்கி போகாது. லொகின் செய்திருந்தும் லொகின் பக்கம் வரும். நன் போட்டால் செக்யூரும் கட்டாயம்.

லாக்ஸிலும் ஒரு பொறி உண்டு. காசு கட்டும் தளத்துக்கு அனுப்பி, அது வேலை முடிந்ததும் போஸ்ட் முறையில் உங்கள் தளத்துக்குத் திருப்பி அனுப்பினால், அந்தக் கோரிக்கையோடு குக்கி வராது. காசு கட்டியவர் வெளியே தள்ளப்பட்டது போல இருக்கும். ‘காசு போட்டுதோ இல்லையோ’ என்று பதறி அடுத்த முறையும் கட்டுவார். அந்தத் திரும்பும் பக்கத்தை லொகின் தேவைப்படாத ஒன்றாக வைத்து, பரிவர்த்தனை இலக்கத்தைச் சரிபார்த்துவிட்டு, சாதாரண இணைப்பு வழியாக உள்ளே அனுப்புங்கள்.

லாக்ஸ் இருக்கிறது என்று சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (போம் உங்கள் தளத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் இரகசிய இலக்கத்தை) விட்டுவிடாதீர்கள். எதையாவது மாற்றும், அழிக்கும் ஒவ்வொரு போமிலும் அது இருக்கட்டும்.

5. லொகின் நடக்கும் அந்த நொடி

செஷன் ஸ்டார்ட் என்ற வரி, பக்கத்தில் எந்த எழுத்தும் வெளியே போக முன் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்ற எச்சரிக்கை வரும், லொகின் ஒட்டாது. கோட்டில் பிழை எதுவும் தெரியாமல் இது வந்தால் கோப்பின் முதல் எழுத்தைச் சந்தேகியுங்கள். பழைய விண்டோஸ் நோட்பாட்டில் தமிழ் எழுதி யூடிஎஃப்-8 என்று சேமித்தால், கண்ணுக்குத் தெரியாத பொம் என்ற குறி கோப்பின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுவே வெளியே போய்விட்ட எழுத்தாகக் கணக்கிடப்படும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிற நண்பருக்கு இந்தப் பிரச்சினை வராமல் உங்களுக்கு மட்டும் வருவதற்குக் காரணம் இதுதான். நோட்பாட் பிளஸ் பிளஸ் அல்லது விஎஸ் கோடில் திறந்து, பொம் இல்லாத யூடிஎஃப்-8 என்று சேமித்தால் தீர்ந்தது.

கடவுச்சொல் சரி என்று கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை செஷன் இலக்கத்தை மாற்றுவது. செஷன் ரீஜெனரேட் ஐடி என்ற செயற்கூறைப் பழையதை அழிக்கும்படி சொல்லிக் கூப்பிடுங்கள். லொகினுக்கு முன் இருந்த இலக்கத்தை வேறொருவர் அந்தக் கணினியில் எழுதி வைத்திருந்தால், இலக்கம் மாறாத வரை அவர் உங்கள் ஆளோடு சேர்ந்து உள்ளே வருவார். கூடவே யூஸ் ஸ்ட்ரிக்ட் மோட் என்ற அமைப்பை 1 ஆக்குங்கள். பிஎச்பியில் இயல்பாக அது 0. அதை மாற்றினால் சேர்வர் தானே தராத இலக்கத்தை ஏற்காது.

கடவுச்சொல்லைப் பாஸ்வேர்ட் ஹாஷ் வைத்து, திரும்ப வாசிக்க முடியாத வடிவமாக்கிச் சேமிப்பது, தொடர்ந்து பிழையாக அடித்தால் சற்று நேரம் தடுப்பது எல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அவற்றை விட்டு மேலே போகிறேன்.

6. மூன்று நேரக் கணக்கு: அதிகம் இடறும் இடம்

‘அண்ணா, ஒரு பக்கம் முழுக்க அடிச்சிட்டு சேவ் அமத்தினா திரும்பவும் பாஸ்வேர்ட் கேக்குது. அடிச்சது எல்லாம் போட்டுது.’ தரவு பதிகிற பிள்ளை இப்படிச் சொன்னால் அவருடைய பிழை எதுவும் இல்லை. சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. அதனால்தான் பிடிபட நேரம் எடுக்கிறது.

லொகின் எப்போது முடியும் என்பதை மூன்று இடங்கள் தனித்தனியாகத் தீர்மானிக்கின்றன.

முதலாவது, குக்கியின் ஆயுள். பிஎச்பியில் இயல்பாக 0, அதாவது உலாவியை மூடும் வரை.

இரண்டாவது, சேர்வரில் செஷன் கோப்பின் ஆயுள். ஜிசி மாக்ஸ் லைஃப்டைம் என்ற அமைப்பு. இயல்பாக 1440 விநாடி, அதாவது 24 நிமிடம், கடைசியாகத் தொட்டதிலிருந்து. போம் நிரப்பும்போது சேர்வருக்கு எந்தக் கோரிக்கையும் போவதில்லை. அரை மணித்தியாலப் போம் 24 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பது இப்போது விளங்கும். சில நாள் நடக்காததற்கும் காரணம் உண்டு. காலாவதியான கோப்புகளைப் பிஎச்பி உடனே அழிப்பதில்லை. இயல்பு நிலையில் 100 கோரிக்கைக்கு ஒரு முறை என்ற வாய்ப்பில் துப்புரவு நடக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த தளத்தில் கோப்பு மணிக்கணக்கில் கிடக்கும். டெபியன், உபுண்டு சேர்வர்களில் இந்த வாய்ப்பை 0 ஆக்கி, அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை கிரொன் மூலம் துப்புரவு செய்கிறார்கள்.

பகிர்ந்த ஹொஸ்டிங்கில் இன்னொரு வில்லங்கம். பல தளங்களின் செஷன் கோப்புகள் ஒரே டெம்ப் கோப்புறையில் இருந்தால், பக்கத்துத் தளத்தின் 24 நிமிடத் துப்புரவு உங்கள் கோப்புகளையும் வாரிக்கொண்டு போகும். நீங்கள் ஆயுளை எவ்வளவு கூட்டினாலும் பலன் இருக்காது. உங்கள் கணக்குக்குள், வெளியாருக்குத் திறக்கும் கோப்புறைக்கு வெளியே, ஒரு புதுக் கோப்புறை செய்து அனுமதியை 700 (உங்கள் கணக்கு மட்டும் திறக்கலாம்) ஆக்கி, செஷன் சேவ் பாத்தை அங்கே திருப்புங்கள். உபுண்டு வகைச் சேர்வர் என்றால் அங்கே கிரொன் எட்டிப் பார்க்காது. துப்புரவு வாய்ப்பை நீங்களே 1 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்புகள் குவிந்துகொண்டே போகும். டொட் யூசர் டொட் ஐஎன்ஐ என்ற கோப்பில் அமைப்பை மாற்றினால் அது இயல்பாக 300 விநாடிக்கு ஒரு முறைதான் வாசிக்கப்படும். மாற்றிய உடனே வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்ப மாற்றாமல் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

மூன்றாவது, உங்கள் சொந்த விதி. இதை நீங்களே எழுத வேண்டும், எழுதினால்தான் லொகின் உங்கள் கட்டுப்பாட்டில் வரும். செஷனுக்குள் இரண்டு நேரத்தை வையுங்கள்: லொகின் செய்த நேரம், கடைசியாக இயங்கிய நேரம். ஒவ்வொரு கோரிக்கையிலும் பாருங்கள். இயங்காமல் குறித்த நேரம் போனால் மூடுங்கள். இயங்கிக்கொண்டே இருந்தாலும் லொகின் செய்து ஒரு வேலை நாள் கடந்தால் மூடுங்கள். சேர்வரின் ஆயுளை இந்த இரண்டையும் விடக் கூட்டி வையுங்கள், உதாரணமாக 43200 விநாடி, 12 மணித்தியாலம். அப்போது முடிவெடுப்பது உங்கள் விதி மட்டும்.

எவ்வளவு நேரம் வைப்பது? ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டல், ஆபத்துக் குறைந்த செயலிகளுக்கு இயங்காத நேரமாக 15 முதல் 30 நிமிடமும், காசு புழங்கும் வகைக்கு 2 முதல் 5 நிமிடமும் சொல்கிறது. தரவு பதிகிறவருக்கு 30 நிமிடமும், கடன் கணக்கை மாற்றும் பக்கத்துக்கு 5 நிமிடமும் என்று பக்கத்துக்குப் பக்கம் வேறாக வைக்கலாம். முக்கியமான வேலை செய்ய முன் மட்டும் கடவுச்சொல்லை மறுபடி கேட்பது எனக்குப் பிடித்த வழி.

நேரத்தை யுனிக்ஸ் விநாடியாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் விநாடி) சேமியுங்கள். சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் உங்கள் கோட் கொழும்பு நேரத்திலும் இருந்தால் இடையில் ஐந்தரை மணித்தியாலம். திகதியாக எழுதி ஒப்பிட்டால், ஒன்றில் லொகின் செய்த உடனே வெளியே தள்ளும், அல்லது ஐந்தரை மணித்தியாலம் கூடுதலாகத் திறந்து கிடக்கும்.

இனி அரை மணித்தியாலத்தைத் தாண்டும் அந்தப் போம். முடிய 2 நிமிடம் இருக்கும்போது ‘இன்னும் வேலை செய்கிறீர்களா?’ என்று ஒரு பெட்டி காட்டுங்கள். விசை அமத்தும்போதெல்லாம், சில நிமிடத்துக்கு ஒரு முறை, சேர்வருக்கு ஒரு சிறு கோரிக்கை அனுப்பலாம். பக்கம் திறந்திருந்தாலே அனுப்பும்படி எழுதாதீர்கள். அப்படி எழுதினால் பிள்ளை சாப்பிடப் போன நேரத்திலும் செஷன் சாகாது. அப்படியும் காலாவதியானால், அனுப்பிய போமைத் தூக்கி எறியாமல், அதே பக்கத்தில் கடவுச்சொல்லை மட்டும் கேட்டு, அதே ஆள்தானா என்று பார்த்து, சேமியுங்கள். போம் விபரத்தை உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் வைக்கச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். பொதுக் கணினியில் அது அடுத்த ஆளுக்கு அப்படியே கிடைக்கும், வேண்டாம்.

மற்றச் சூழல்களின் இயல்பு நிலையையும் தெரிந்து வையுங்கள். லாராவெல்லில் 120 நிமிடம். கடந்தால் 419 என்ற இலக்கத்தோடு ‘பேஜ் எக்ஸ்பயர்ட்’ என்று வரும். ஜாங்கோவில் இரண்டு வாரம், பொதுக் கணினிக்கு இது மிக அதிகம். பழைய செஷன்களை அழிக்க கிளியர் செஷன்ஸ் கட்டளையையும் நீங்களே கிரொனில் வைக்க வேண்டும். நோடில் எக்ஸ்பிரஸ் செஷனின் இயல்பான மெமரி ஸ்டோர் பழகுவதற்கு மட்டும். சேர்வர் மறுபடி தொடங்கினால் எல்லோரும் வெளியே.

7. ‘என்னை நினைவில் வை’

சொந்தப் போனில் பார்க்கிற உறுப்பினருக்கு இது பெரிய உதவி. கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்தில் கடவுச்சொல் அடிப்பது ஐயாமாருக்கு எவ்வளவு சிரமம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். ஆனால் அந்தப் பெட்டி தானாக டிக் போட்டபடி வரக் கூடாது. பக்கத்தில் தமிழில் ‘இது என் சொந்தப் போன்’ என்று எழுதுங்கள், ‘ரிமெம்பர் மீ’யை விட நன்றாக விளங்கும்.

இதற்காகச் செஷன் ஆயுளை 30 நாளாக நீட்டாதீர்கள். தனியாக இன்னொரு குக்கி வையுங்கள். அதில் இரண்டு துண்டு: தேடுவதற்கு ஒன்று, சரிபார்ப்பதற்கு ஒன்று. இரண்டையும் ரான்டம் பைட்ஸ் வைத்து உருவாக்குங்கள். தரவுத்தளத்தில் இரண்டாவதன் ஹாஷை மட்டும் வையுங்கள், ஹாஷ் ஈக்குவல்ஸ் கொண்டு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறை பாவித்ததும் புதிதாக மாற்றுங்கள். பழையதோடு யாராவது வந்தால் அந்த ஆளின் எல்லா நினைவுக் குக்கிகளையும் அழித்து மறுபடி லொகின் செய்ய விடுங்கள். 30 நாள் போதும். எவ்வளவு நீட்டினாலும் குரோம் 400 நாளுக்கு மேல் எந்தக் குக்கியையும் வைத்திருக்காது.

ஃபேஸ்புக்குக்குள் இணைப்பை அமத்தித் திறக்கும் உலாவிக்குக் குக்கிப் பெட்டி வேறு, குரோமுக்கு வேறு. ‘நேற்று லொகின் செய்தனான், இண்டைக்கு இல்லை’ என்று யாராவது சொன்னால் முதலில் இதைக் கேளுங்கள்.

8. வெளியேறுவது உண்மையாக வெளியேறுவதாக இருக்கட்டும்

கொமினிகேஷனில் நடப்பதைப் பாருங்கள். ஒரு அம்மா அடையாள அட்டையோடு வருகிறார், கடைத் தம்பி லொகின் செய்து விபரம் பார்த்து அச்செடுத்துக் கொடுக்கிறார், காசு வாங்குகிறார், அடுத்த ஆள் அதே கதிரையில் இருக்கிறார். வெளியேறும் பொத்தானை யாரும் தேடவில்லை. அதனால் பொத்தான் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே, பெரிதாக, ‘வெளியேறு’ என்று தமிழில் இருக்க வேண்டும். அச்செடுத்து முடிந்ததும் ‘வேலை முடிந்ததா? வெளியேறுங்கள்’ என்று கேட்கவும் செய்யலாம்.

பொத்தானை அமத்தினால் மூன்றும் நடக்க வேண்டும்: செஷன் விபரத்தை வெறுமையாக்குதல், குக்கியைக் கடந்த காலத் திகதி போட்டு அழித்தல், செஷன் டெஸ்ட்ரோய். குக்கியை அழிக்கும்போது உருவாக்கிய அதே பாதை, அதே டொமைன் கொடுக்க வேண்டும். ஒரு சாய்கோடு மாறினாலும் பழையது அப்படியே இருக்கும். நினைவுக் குக்கி இருந்தால் அதையும், தரவுத்தளத்தில் உள்ள அதன் வரியையும் அழியுங்கள்.

வெளியேறிய பின் பின்செல்லும் அம்புக்குறியை அமத்தினால் முன்னைய ஆளின் பக்கம் தெரிகிறதா? உலாவி சேமித்து வைத்ததைக் காட்டுகிறது. லொகின் உள்ள பக்கங்களுக்கு ‘கேஷ் கண்ட்ரோல்: நோ ஸ்டோர்’ என்ற ஹெடரை அனுப்புங்கள்.

‘உலாவியை மூடினால் குக்கி போய்விடும்தானே’ என்று நம்பி இருக்காதீர்கள். குரோமில் விட்ட இடத்திலிருந்து தொடரும் அமைப்பு இருந்தால், மூடித் திறந்தாலும் அந்தக் குக்கிகள் திரும்பி வரும். கரண்ட் போய் வந்த பின் ‘ரிஸ்டோர்’ அமத்தினாலும் அப்படித்தான். காலையில் லொகின் செய்த ஆள் கரண்ட் இல்லை என்று வீட்டுக்குப் போயிருப்பார். மத்தியானம் வந்தவர் ரிஸ்டோர் அமத்த, காலை ஆளின் கணக்கு திறக்கும். இதைத் தடுப்பது 6ஆம் படியில் நீங்கள் எழுதிய நேர விதி மட்டும்தான்.

கடவுச்சொல்லை மாற்றினால் மற்ற எல்லாக் கருவிகளிலும் உள்ள லொகினை முடித்துவிடுங்கள். போன் தொலைந்தவருக்கு அது ஒன்றுதான் வழி.

9. ஐபி முகவரியோடு கட்டாதீர்கள்

‘ஐபி மாறினால் வெளியேற்று’ என்று பல பாடங்களில் இருக்கும். மொபைல் டேட்டாவில் இது பொருந்தாது. டயலொக், மொபிடெல், ஹட்ச் எதுவானாலும் போனின் வெளி முகவரி இடையில் மாறலாம், பலர் ஒரே முகவரியில் தெரியலாம். மாங்குளத்தில் பஸ் ஏறிய ஒருவர் கிளிநொச்சி வர முன் பல தடவை வெளியே தள்ளப்படுவார். அலுவலகத்திலும், ரவுட்டர் நின்றுவிட்டது என்று போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறும்போது இதே கதை. ஐபியைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள், தீர்ப்பு அதை வைத்துச் சொல்லாதீர்கள்.

10. ஒப்படைக்க முன் சோதனை

நேரங்களைச் சோதிக்க அரை மணித்தியாலம் காத்திருக்கத் தேவையில்லை. சோதனைத் தளத்தில் இயங்காத நேரத்தை 2 நிமிடமாகக் குறையுங்கள். போமைப் பாதி நிரப்பி விட்டு, 3 நிமிடம் கழித்துச் சேமித்துப் பாருங்கள். எழுதியது மிஞ்ச வேண்டும். குரோமில் ஒரு ஆளாகவும் ஃபயர்பொக்ஸில் இன்னொரு ஆளாகவும் ஒரே நேரத்தில் இயக்குங்கள். வெளியேறி, பின்செல்லும் குறியை அமத்துங்கள். வெளியேற முன் குக்கி இலக்கத்தைப் பிரதி எடுத்து, வெளியேறிய பின் எஃப்12 வழியாக அதை ஒட்டிப் பாருங்கள். லொகின் பக்கம் வர வேண்டும். போனில் வைஃபையை நிறுத்தி டேட்டாவுக்கு மாறுங்கள். லொகின் நிற்க வேண்டும். கடைசியாக அலுவலகக் கணினியின் பிளக்கைக் கழற்றி மாட்டி, ரிஸ்டோர் கொடுத்து, என்ன வருகிறது என்று பாருங்கள்.

முடிந்ததும் 2 நிமிடத்தைப் பழைய நேரத்துக்கு மாற்றுங்கள். அப்புறம் ஒரு தாளில் இவற்றை எழுதி அமைப்பின் கோவையில் வையுங்கள்: ஹொஸ்டிங்கும் டொமைனும் முடியும் திகதி, எந்த மின்னஞ்சலில் பதிவு, இயங்காத நேரம் எவ்வளவு, முழு நேரம் எவ்வளவு, செஷன் கோப்புறை எங்கே, கிரொன் எப்போது ஓடுகிறது, எல்லோரையும் ஒரேயடியாக வெளியேற்ற எந்தப் பொத்தான். கடவுச்சொற்களை அந்தத் தாளில் எழுதாதீர்கள். செயலாளர் மாறும்போது அவருடைய கணக்கை மூடி, புதியவருக்குப் புதிதாகத் திறக்க வேண்டும் என்ற வரியையும் அதில் சேர்த்து, பழையவரும் புதியவரும் ஒப்பமிட இடம் விடுங்கள்.